சங்கங்களும் வராதவர் கணக்கும்

மனிதர் கூடுவது இயற்கை. கூடிய கூட்டம் சங்கமாக நிலைபெறுவது முயற்சி. இவ்விரண்டுக்குமுள்ள பேதத்தை நூல்களிற் பலமுறை படித்திருந்தும், அதன் பொருளை நான் உணர்ந்தது ஒரு பிழையினாலேதான். அப்பிழை என்னுடையது. ஆதலால் சரித்திரத்தை விரிப்பதற்கு முன் அதனையே முதலிற் சொல்லிவிடுகிறேன்.

மலாக்கா மாநிலத்து ஜாசின் வட்டாரத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்திலே நான் கிராணி உத்தியோகம் பார்த்து வருகிறேன். என் பெற்றோர் வாழ்ந்த பழைய ரப்பர்த் தோட்டம் வேறு. அது கைமாறி, லயங்கள் இடிக்கப்பட்டு, அங்கிருந்த குடும்பங்கள் மலாக்கா நகருக்கும், சிரம்பானுக்கும், ஜொகூருக்கும், சிங்கப்பூருக்குமாகப் பிரிந்துபோயின. பிரிந்தவரை மீண்டும் ஓரிடத்திற் சேர்க்க எண்ணி, நாங்கள் ஐவர், வாட்ஸ்அப் என்று உலகமும் புலனம் என்று நம்மவரும் அழைக்கும் சாதனத்தில் ஒரு குழு அமைத்தோம். தொடக்கத்தில் முப்பது பேர் இருந்தனர். 2020 மார்ச் 18ஆந் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு வந்து யாவரும் வீட்டுக்குள் அடைபட்ட காலத்தில், அங்கத்தினர் இருநூறுக்கு மேற் பெருகினர். நிர்வாகி நான் ஒருவனே. தொகை பெருகப் பெருக எனக்குப் பெருமையும் பெருகிற்று.

பின்னர் ஒருநாள் இரவு, பழைய தோட்டத்து இடுகாட்டை அகற்றப் போவதாகவும், தம்மவருடைய எச்சங்களை எடுத்து வேறிடத்தில் அடக்கஞ் செய்ய விரும்புவோர் குறித்த தேதிக்குள் பெயர் கொடுக்க வேண்டும் என்றும் ஓர் அறிவிப்பு குழுவில் வந்தது. அன்று இரு கட்சிக்காரர்களுக்குள் தேர்தலைப் பற்றி மூண்டிருந்த வாக்குவாதத்தை அடக்குவதிலும், ஒருவரைக் குழுவினின்று நீக்குவதிலும் நான் முனைந்திருந்தேன். விடிந்தபோது, காலை வணக்கப் படங்களுக்கும் வசைமொழிகளுக்கும் அடியில் அவ்வறிவிப்பு புதையுண்டு கிடந்தது. நான் அதைப் படித்திருந்தேன். யாவரும் படித்திருப்பர் என்று இருந்துவிட்டேன்.

தேதி கடந்து இரு வாரங்களுக்குப் பின், எங்கள் லயத்தில் அடுத்த வீட்டில் வாழ்ந்த பெரியம்மா ஒருவரைச் சந்தித்தேன். அவர் கணவர் அவ்விடுகாட்டிலே அடக்கமானவர். பெயர் கொடாதவர்களின் எச்சங்களெல்லாம் ஒரே குழியில் இடப்பட்டுவிட்டன. பெரியம்மாவுக்கு எழுத்து வாசிக்க வராது. பேரன் கைப்பேசியில்தான் அவர் பெயர் எங்கள் குழுவில் இருந்தது. அவர் அழவுமில்லை, ஏசவுமில்லை. “தம்பி, இருநூறு பேர் இருக்கிற இடம்னு சொன்னீங்க. அதில ஒரு ஆள் எனக்கு வந்து சொல்லலியே” என்றார்.

தோட்டத்து வழக்கம் அறிந்தவர்க்குப் பெரட்டு இன்னதென்று விளக்க வேண்டுவதில்லை. விடியுமுன் ஆட்கள் வரிசையில் நிற்க, கிராணி செக்ரோலை விரித்துப் பெயர் கூப்பிடுவார். அப்புத்தகம் வந்தவரைக் குறிப்பதற்கு மட்டும் ஏற்பட்டதன்று. வராதவரைக் குறிப்பதற்கும் ஏற்பட்டது. அது துரைமாருடைய இலாபத்தை முன்னிட்டு வந்த வழக்கமே. எனினும், வராதவன் ஏன் வரவில்லை என்ற கேள்வி அதில் நாள்தோறும் எழுந்தது. பத்தாண்டுகளுக்கு மேலாக அத்தொழிலைச் செய்து வரும் நான், என் சொந்தச் சங்கத்திலே பேசியவரை மட்டும் எண்ணினேன், பேசாதவரை எண்ணவில்லை. நம்மவருடைய பழைய சங்கங்கள் இக்கணக்கை எவ்வாறு வைத்தன என்று தேடத் தொடங்கியது அதன் பிறகே.

தேடுவதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. மலாக்கா நகரிலேயே, காஜா பெராங் பகுதியிலுள்ள சிட்டிக் குடியிருப்பில், மலாக்காச் சுல்தான்கள் காலத்தில் வந்த தமிழ் வணிகர்களின் வழித்தோன்றல்கள் வாழ்கின்றனர். அவ்வணிகர் இந்நாட்டுப் பெண்களை மணந்தனர். போர்ச்சுகீசியர் வந்து போயினர். டச்சுக்காரர் வந்து போயினர். ஆங்கிலேயரும் வந்து போயினர். இச்சமூகத்தார் உடையில் மலாய்க்காரரை ஒத்தனர், வீட்டுமொழியும் மலாயாயிற்று. ஆயினும், டச்சுக்காரர் காலத்தில் தம் தலைவர் பெற்ற நிலத்தில் 1781இல் எழுப்பிய பொய்யாத விநாயகர் கோயிலையும், ஆண்டுதோறும் மாரியம்மனுக்கு எடுக்கும் விழாவையும், போகியன்றும் பழக்காலத்திலும் முன்னோர்க்குப் படைக்கும் படையலையும் அவர்கள் விடவில்லை.

சடங்குகளைப் போற்றுவதற்காக இதனை நான் கூறவில்லை. தாய்மொழியே போன பின்னரும் ஒரு சிறு சமூகம் கரைந்துபோகாமல் நிற்பதன் காரணம் ஆராயத்தக்கது. படையலன்று குடும்பத்தார் ஒரு வீட்டிற் கூட வேண்டும். இறந்தவர் இன்னின்னார் என்று நினைக்க வேண்டும். சமைப்பதும் பரிமாறுவதும் இன்னார் பொறுப்பு என்று இருக்க வேண்டும். அஃதாவது, அச்சமூகத்தில் ஒவ்வொருவருக்கும் ஓரிடம் உண்டு; வராதவர் இடம் வெறுமையாகத் தோன்றும். இறந்தவரைக்கூடக் கணக்கில் வைத்தவர்கள் அவர்கள். நாங்களோ உயிரோடிருந்த ஒரு மூதாட்டியைக் கணக்கில் வைக்கத் தவறினோம்.

இனித் தோட்டங்களுக்கு வருவோம். இந்நாட்டில் வியாபார முறையில் ரப்பர் பயிரிடத் துணிந்த முதல்வர் மலாக்காவைச் சேர்ந்த தான் சாய் யான் என்னும் சீனர். 1896இல் புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் தொடங்கிய அம்முயற்சி பின்னர் புக்கிட் அசகானில் ஆயிரக்கணக்கான ஏக்கருக்கு விரிந்தது. ரப்பர் பரவப் பரவ ஆள் தேவை மிகுந்தது. கங்காணிகள் தமிழ்நாடு சென்று தம் ஊராரையும் உறவினரையும் சாதியாரையும் திரட்டி வந்தனர். வேலைக்கு வந்த ஒவ்வோர் ஆளுக்கும் கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. ஆகவே அவரும் தலைகளை எண்ணினார். எண்ணியது தம் வருவாய்க்காக.

இக்கூட்டம் கூட்டப்பட்டதேயன்றித் தானே கூடியதன்று. ஊரிலிருந்த சாதி வேற்றுமை கப்பலேறி வந்து லயத்திலும் குடியேறிற்று. கோயிற் கூட்டத்தில் அவ்வேற்றுமை முன்வரிசையில் நின்றது. கள்ளுக்கடைக் கூட்டத்திலோ கூலி கரைந்தது. 1923இல் ஏற்பட்ட தொழிற்சட்டங்கள், படிக்கும் வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்று விதித்தன. அப்பள்ளிகள் பல பெயரளவிலே இருந்தன. எனினும், அவற்றால் எழுத்தறிந்த சிலர் ஒவ்வொரு தோட்டத்திலும் தோன்றினர். அவர் கைக்குப் பத்திரிகை வந்தது.

கோலாலம்பூரில் 1924இல் ‘தமிழ் நேசன்’ பிறந்தது. 1929 டிசம்பரில் பெரியார் ஈ.வெ.ரா. மலாயாவுக்கு வந்தார். 1932இல் சிங்கப்பூரிலே தமிழர் சீர்திருத்தச் சங்கம் ஏற்பட்டது. 1935இல் கோ. சாரங்கபாணி ‘தமிழ் முரசு’ தொடங்கினார். ஒரு பிரதி தோட்டத்துக்கு வந்தால் அதைப் படிப்பவர் ஒருவர்; சுற்றியிருந்து கேட்பவர் பலர். கிராணியோ, பள்ளி ஆசிரியரோ, எழுத்தறிந்த ஒரு பால்வெட்டுக்காரரோ உரக்கப் படிப்பார். கேட்பவர் இடைமறித்துக் கேள்வி கேட்பார். சாதிவாரியாக அமர்ந்து கேட்கப் பத்திரிகையில் இடமில்லை. மலாக்காவில் ஒருவர் எழுதிய கடிதத்துக்குப் பினாங்கிலிருந்து ஒருவர் மறுமொழி எழுதினார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் கண்டதில்லை. முகம் காணாதார் கூடிய சங்கம் கம்பியில்லாக் கருவியோடு பிறந்ததென்று கருதுவோர் இதனைச் சிந்திக்க வேண்டும்.

இவ்வமைப்பில் ஒரு நுட்பம் உண்டு. எழுத்தறியாதவரும் அச்சங்கத்தில் அங்கத்தினரே. அவருக்குச் செய்தி போய்ச் சேர்ந்ததா என்பதற்குப் படிப்பவர் பொறுப்பாளி. அவர் எதிரே கேட்பவர் முகம் இருந்தது. விளங்காத முகத்தைக் கண்டால் மறுபடி படிப்பார். எங்கள் குழுவில் எழுதுகிறவர் உண்டு. உரக்கப் படிக்கிறவர் இல்லை. பெண்கள் அவ்வாசிப்புக் கூட்டங்களில் எத்தனை பேர் அமர முடிந்தது என்ற கேள்வியையும் நாம் மறைக்கலாகாது. விடியலில் மரம் வெட்டி, பொழுது சாயச் சமைத்தவளுக்குப் பத்திரிகை கேட்க நேரம் ஏது? பழைய முறையிலும் வராதவர் இருந்தனர்; அவர்களை ஒருவரும் கேட்கவில்லை.

யுத்தத்துக்குப் பின் பத்திரிகைகள் இன்னும் ஒரு படி மேலேறின. ‘தமிழ் நேசன்’ 1950இல் சுப. நாராயணன், பைரோஜி நாராயணன் ஆகியோரைக் கொண்டு கதை வகுப்பு நடத்திற்று. கதை எழுதத் தெரியாதவன் எங்கே கற்பான் என்ற கேள்விக்கு இந்நாட்டில் கிடைத்த நேர்மையான விடைகளில் அது ஒன்று. ‘தமிழ் முரசு’ மாணவர்க்கென ஒதுக்கிய மாணவர் மணிமன்ற மலரிலிருந்து மணிமன்றங்கள் தோன்றி, பத்திரிகைப் பக்கம் நகரங்களிலும் தோட்டங்களிலும் மேடையேறிற்று. இவ்விரு முயற்சிகளிலும் ஒரு பொதுத்தன்மை காண்கிறோம். புதிதாக வருகிறவனுக்கு வாயிற்படி எங்கிருக்கிறதென்று காட்டப்பட்டது. உள்ளே வந்தவனுக்கு உடனே ஒரு வேலை கொடுக்கப்பட்டது. வேலை செய்தவன் பெயர் அச்சேறிற்று. பிற்காலத்தில் எழுத்தாளராக விளங்கிய பலர் இவ்வழியே வந்தவர்கள்.

பிழைப்பே கேள்விக்குள்ளான காலத்திலும் இம்முறை பயன்பட்டது. 1950களில் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களை விற்று வெளியேற, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி விற்றனர். குடும்பங்கள் வேலையும் வீடும் ஒருங்கே இழந்தன. 1960இல் வீ. தி. சம்பந்தன் முன்னின்று தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஏற்படுத்தினார். 100 வெள்ளிப் பங்கை மாதம் 10 வெள்ளியாகச் செலுத்தலாம் என்பது ஏற்பாடு. சொற்பக் கூலி வாங்கியவருக்குப் பத்து வெள்ளி சிறு தொகையன்று. தோட்டந்தோட்டமாகச் சென்று நேரில் விளக்கியதனாலேயே அவர்கள் நம்பிச் சேர்ந்தனர். சேர்ந்தவர் பெயர் பேரேட்டில் ஏறிற்று. ரசீது கையில் இருந்தது. தோட்டத் தொழிலாளி தோட்டத்துக்கே பங்காளியாகலாம் என்பதை அச்சங்கம் காட்டிற்று.

இனி இணையத்தின் சரித்திரத்தைப் பார்ப்போம்; அதிலும் மலேசியத் தமிழருக்குப் பங்குண்டு. 1990களின் நடுவில், ஆஸ்திரேலியாவில் வாழ்ந்த மலேசியத் தமிழர் பாலா பிள்ளை ‘தமிழ்.நெட்’ என்னும் மின்னஞ்சற் கூட்டத்தை நிறுவினார். பல கண்டங்களிலிருந்த தமிழர் அதில் எழுதினர். ஆனால், ஒருவர் தம் கணினியில் அடித்த தமிழ் மற்றொருவர் கணினியில் வெறும் குறிகளாகத் தோன்றிற்று. ஏனெனில் எழுத்துருக்கள் பலவாறாக இருந்தன. எழுதியவருக்குத் தம் எழுத்து அழகாகத் தெரியும். மறுமுனையில் இருப்பவர் வாசிக்க இயலாமல் இருக்கிறார் என்பது தெரியாது. எங்கள் பெரியம்மாவின் நிலைமையே அது. இக்குறையைத் தீர்க்க அக்கூட்டத்தினர் கடிதத்தின் மேல் கடிதமாக விவாதித்து, பொதுவான குறியீட்டுத் தரம் ஒன்றை உருவாக்கினர். அதற்குத் தகுதரம் என்று பெயர். வாசிக்க முடியாதவரை உள்ளே கொணர்வதே அவ்விவாதத்தின் பயனாயிற்று.

1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கிற்று. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கல்யாணசுந்தரம் அதனை முன்னின்று நடத்தினார். தமிழ் நூல்களை ஊதியமின்றித் தட்டச்சிட்டு, பிழை பார்த்து, எவரும் இலவசமாகப் பெறும்படி வெளியிடுவது நோக்கம். தட்டச்சிட்டவர் இன்னார், பிழை திருத்தியவர் இன்னார் என்று நூலின் முகப்பிலேயே குறித்தனர். 2003இல் தமிழ் விக்கிப்பீடியா தோன்றிற்று. தொடக்க ஆண்டுகளில் இலங்கையரான மயூரநாதன் போன்ற மிகச் சிலரே அதன் பாரத்தைத் தாங்கினர்; 2017இல் அதன் கட்டுரைகள் ஒரு லட்சத்தைக் கடந்தன. அங்கே யார் எந்தச் சொல்லை எப்பொழுது மாற்றினார் என்பது எவரும் காணுமாறு பதிவாகிறது. கருத்து வேற்றுமைக்குத் தனிப் பக்கம் உண்டு. நிர்வாகிகளையும் பயனர்களே தேர்ந்தெடுக்கின்றனர். வீண்பேச்சுக்கு இடங்கொடாமல் வேலைக்கு இடங்கொடுத்த கூட்டங்கள் நிலைத்தன என்பதற்கு இவை சான்று.

வளர்ச்சியே தீங்காக முடிந்த உதாரணமும் உண்டு. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களைச் சார்ந்து 1980 முதல் நடந்த யூஸ்நெட் என்னும் விவாதக் களத்தில், ஆண்டுதோறும் செப்டம்பரில் புது மாணவர் வந்து நுழைவர். மரியாதை அறியாமற் சில வாரம் கலகஞ் செய்வர். பழையவர் சொல்லிக்கொடுக்க, அடங்கிப் பழகுவர். 1993க்குப் பின் வணிக நிறுவனங்கள் தம் வாடிக்கையாளர் அனைவருக்கும் அக்களத்தைத் திறந்துவிட்டன. கற்பிப்பவர் சிலர், வருபவர் ஆயிரம் பேர். அந்தச் செப்டம்பர் முடியவே இல்லை என்று பழையவர் கசந்து சொல்வது வழக்கமாயிற்று. புதியவர் தீயவரல்லர். அவருக்குச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை என்பதே குறை. முப்பது பேரிலிருந்து இருநூறு பேரானபோது எங்களுக்கு நேர்ந்ததும் இதுவே.

ஆயின் நிர்வாகம் எப்படி இருத்தல் வேண்டும்? காஞ்சிபுரத்தை அடுத்த உத்திரமேரூரில் முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டிய கல்வெட்டுகள் இதற்கு ஒரு விடை கூறுகின்றன. 30 குடும்புகளிலும் தகுதியுடையார் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒன்றும் அறியாச் சிறுவனைக் கொண்டு எடுப்பித்தனர். வாரியத்திற் பதவி ஓராண்டு. அண்மையில் மூன்றாண்டுக்குள் வாரியஞ் செய்தவன் மறுபடி வரலாகாது. கணக்குக் காட்டாதவனும் அவன் நெருங்கிய உறவினரும் என்றும் வரலாகாது. இவை ஆயிரம் ஆண்டுக்கு முன் எழுதிய விதிகள் என்பதை எண்ணி நாம் பெருமை கொள்ளலாம்.

ஆனால் பெருமையோடு நிறுத்திக்கொள்வது பகுத்தறிவாகாது. அது பிராமணர் சபை. காணி நிலமும், சொந்த மனையும், வேதக் கல்வியும் உடைய, 35 வயதுக்கு மேல் 70க்குட்பட்ட ஆடவன் பெயரே குடத்துள் விழுந்தது. வயலில் உழுதவன் பெயர் இல்லை. பெண் பெயர் இல்லை. குடத்திலிருந்து எடுத்த முறை நேர்மையானது. குடத்தில் இடாமல் விட்ட பெயர்களோ ஊரின் பெரும்பகுதி. ஆதலால் ஒரு சங்கத்தின் விதிகளைப் படிக்கும்போது, யார் பெயர் வந்ததென்று பார்ப்பதோடு யார் பெயர் எழுதப்படவேயில்லை என்றும் பார்க்க வேண்டும்.

நம் காலத்தில் இதே கேள்வியை ஆராய்ந்தவர் எலினோர் ஓஸ்ட்ரம் என்னும் அமெரிக்க அம்மையார். 1990இல் வெளிவந்த அவருடைய நூல், பொதுச் சொத்தை மக்கள் தாமே காத்துவந்த ஊர்களை ஆராய்ந்தது. 2009இல் பொருளாதார நோபெல் பரிசு பெற்ற முதற் பெண்மணி அவர். துருக்கியில் அலான்யா என்னும் கடற்கரையூர் மீனவர், செப்டம்பர் தோறும் பெயர்ப்பட்டி எழுதி, மீன்பிடிக்கும் இடங்களைச் சீட்டுக் குலுக்கிப் பங்கிட்டு, நாளுக்கு நாள் இடம் மாறிச் சென்றதை அவர் விவரிக்கிறார். நெடுங்காலம் நின்ற சங்கங்களிலெல்லாம் அங்கத்தினர் யார் என்பதில் தெளிவு இருந்தது. விதிகளைச் செய்வதில் அவற்றுக்கு உட்பட்டவர்களுக்கே பங்கிருந்தது. தண்டனை முதற்பிழைக்குச் சிறிதாகவும் பின் படிப்படியாகவும் இருந்தது என்று அவர் கண்டார். நானோ ஒருவரை ஒரே இரவில் நீக்கினேன். அவர் இன்றுவரை என்னோடு பேசவில்லை. அவர் தாயாருக்கும் அவர் மூலமே செய்தி போய்க்கொண்டிருந்தது என்பது பின்னரே தெரிந்தது.

இவையெல்லாம் அறிந்து நாங்கள் செய்தது சிறிது. சென்ற பொங்கலுக்கு முந்தின வாரம், கைப்பேசியை மூடிவைத்து, ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துப் பழைய லயங்களின் வரிசைப்படி வீட்டுக்கு வீடு பெயர் எழுதினோம். ஆண் பெண் அனைவர் பெயரும், குழுவில் இல்லாதவர் பெயரும் எழுதப்பட்டன. எழுதி முடித்தபோதுதான், குழுவிற் பேசுபவர் எத்தனை சிறிய பகுதியினர் என்று கண்ணுக்குத் தெரிந்தது. குழுவை இரண்டாக்கினோம்: ஒன்று அறிவிப்புக்கு மட்டும், மற்றொன்று பேச்சுக்கு. நிர்வாகிகள் மூவர், இருவர் பெண்கள், ஓராண்டுக்குச் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தோம். நான் விலகிக்கொண்டேன். பத்து வீட்டுக்கு ஒருவர் வாசிப்பவராக நியமிக்கப்பட்டார். அறிவிப்பு வந்தால் அவர் அப்பத்து வீட்டாரையும் கூப்பிட்டுக் குரலாற் சொல்லி, சொன்னதை நோட்டுக்காரருக்குத் தெரிவிக்க வேண்டும். பத்திரிகையை உரக்கப் படித்த அப்பழைய மனிதரின் உத்தியோகமே இது. நீக்கப்பட்டவர் வீட்டுக்கும் இரு பெரியவர்கள் போயிருக்கிறார்கள், இன்னும் முடிவில்லை.

சாதனங்கள் மாறும். ‘தமிழ் நேசன்’ 2019இல் நின்றது; இன்றைய புலனமும் ஒருநாள் நிற்கும். தோட்டம் போயிற்று, லயம் போயிற்று, இடுகாடும் போயிற்று. இனி அத்தோட்டம் இருக்குமிடம் அந்நோட்டுப் புத்தகம் ஒன்றே. அதில் ஒரு பத்து வீடு என் பொறுப்பில் இருக்கிறது. முதல் வரியில் பெரியம்மா பெயர். அறிவிப்பு ஒன்றும் இல்லாத வாரங்களிலும் நான் அவரைக் கூப்பிடுகிறேன். “என்ன தம்பி, பெரட்டா?” என்று கேட்டுவிட்டு, தாம் இருப்பதாகச் சொல்கிறார்.